ஒரு கரண்டியும் எடுக்க மாட்டன்

"எத்தின பேருக்கு, டீச்சர்?"

காத்தான்குடியில் ஒரு பாத்திரக் கடை. இரண்டு பக்கமும் சட்டிகள் அடுக்கி, நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்கு வழி. தலைக்கு மேலே புட்டுப்பானைகள் கயிற்றில் தொங்குகின்றன. வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். உள்ளே புது அலுமினியத்தின் மணமும் சணல் சாக்கின் மணமும். கடைக்காரத் தம்பி என் பதிலுக்காக நிற்கிறார். நான் ஒரு சட்டியின் அடியைத் தடவிக்கொண்டு, காது கேளாதவள் மாதிரி நிற்கிறேன்.

அவருக்கு என்னை முன்பின் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் குடையும் மூக்குக்கண்ணாடியும் இருந்தால் அவள் டீச்சர்தான். என் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. முப்பது வருடத்துக்குக் கிட்டப் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான்.

அதில் ஒரு பாடம், சமையலறைப் பாத்திரங்களைத் தெரிவு செய்தல். கவனிக்க வேண்டியவை ஐந்து. குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை, எரிபொருளின் வகை, அடியின் தடிப்பு, கைபிடியின் உறுதி, துப்புரவு செய்யும் வசதி. ஐந்தும் எழுதினால் ஐந்து புள்ளி. முதலாவதை விட்ட பிள்ளைக்கு ஒரு புள்ளியை இரக்கமில்லாமல் வெட்டுவேன். ஆட்களை எண்ணாமல் சட்டி வாங்குகிறவள் குடும்பம் நடத்துவாளா என்று வகுப்பில் கேட்பேன்.

இப்போது கடைக்காரர் கேட்டது அந்த முதலாவதைத்தான்.

"ரெண்டு பேருக்கு" என்றேன்.

"எத்தின?"

"ரெண்டு."

அவர் முகம் மலர்ந்தது. "புதுக் குடித்தனமா? மகளுக்கா, டீச்சர்?"

"இல்ல தம்பி. எனக்கு."

அவர் என் நரைத்த தலையை ஒருதரம் பார்த்தார். வாசலில் குடைக்குக் கீழே நின்ற என் வீட்டுக்காரரின் வழுக்கையை ஒருதரம் பார்த்தார். நல்ல வளர்ப்பு, ஒன்றும் கேட்காமல் ஏணியை எடுத்து வைத்து மேலே ஏறினார்.

சொன்ன வாய்

போன கிழமை இந்தப் பத்தியை மகளின் கலியாணத்தோடு நிறுத்தியிருந்தேன். கலியாணம் முடிந்தால் எங்கள் பக்கத்தில் நடப்பது தெரிந்ததுதான். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். இவ்வளவு காலமும் அந்த வீட்டை ஆண்ட தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். நான் கலியாணம் முடித்தபோது என் அம்மா அப்படிப் போனார். இப்போது என் முறை.

குருக்கள்மடத்தில் எங்கள் வளவு நீளமானது. முன்னுக்குப் பெரிய வீடு, நடுவில் கிணறு, பின்னுக்கு எங்களுக்கென்று கட்டிய இரண்டு அறையும் ஒரு குசினியும். அந்தக் குசினியின் பின் யன்னலைத் திறந்தால் வாவிக் காற்று நேரே அடுப்புக்கு வரும். கட்டும்போது அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

வீடு கைமாறுகிற விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. வருத்தம் இருக்கவில்லை என்பதை எல்லாருக்கும் காட்டவேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. வினை அங்கே ஆரம்பித்தது.

கலியாணத்துக்கு முந்திய கிழமை சம்பந்தி அம்மா வவுணதீவிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுசி. வயல்காரக் குடும்பம், ஆளும் ஒரு நெல்மூட்டை மாதிரி உறுதியாக இருப்பார். வீட்டைச் சுற்றிக் காட்டினேன். குசினிக்குள் வந்ததும் அவர் அசையவில்லை. ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தார். சருவச்சட்டி, இடியப்பத் தட்டு, ஆப்பச்சட்டி, கிழமைக்கு ஒருநாள் வெளியே வரும் பெரிய பானை, எல்லாம் கண்ணால் எண்ணி முடித்தார்.

"எல்லாம் நல்லாக் கிடக்கு" என்றார். "இதுல நீங்களும் கொஞ்சம் எடுப்பீங்கதானே?"

கேட்ட தொனியில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு பேர் சமைத்துச் சாப்பிட என்ன வேண்டுமோ அதை எடுப்பதுதானே நியாயம். ஆனால் சுற்றிவர எட்டுப் பத்துப் பெண்கள் நின்றார்கள். எனக்கு மேடை கிடைத்தால் சும்மா இருக்க வராது.

"ஒரு கரண்டியும் எடுக்க மாட்டன்" என்றேன். "புள்ளைக்குக் குடுத்தது குடுத்ததுதான்."

சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்தார். யாரோ ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு இருமல் இருமினார். நீர்ப்பாசனப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டார். மிச்சத்தையெல்லாம் இருமலில் சொல்லுவார். அந்த இருமலுக்கு அர்த்தம், தாச்சி.

தாச்சி

அகன்ற வாய், உருண்டை அடி, இரண்டு பக்கமும் காது. இரும்புத் தாச்சி. பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஒரு காது எப்போதோ உடைந்துபோக, இவர் அந்த இடத்தில் ஒரு பெரிய போல்ட்டைப் போட்டு முறுக்கியிருந்தார். அடுப்பில் வைத்தால் கொஞ்சம் இடதுபக்கம் சாயும். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு.

ஆனால் மீன் ஒட்டாது. மணலை மீனைத் துண்டுபோட்டு, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டிப் போட்டால், அது தன்பாட்டில் பொரிந்து, தட்டைக் கரண்டியைக் கண்டதும் தானாகப் புரளும். தோல் உரியாது, முள் தெரியாது. இவருக்குப் பகல் சோற்றோடு பொரித்த மீன் ஒரு துண்டு வேண்டும். எங்கள் முப்பத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அந்தத் தாச்சிக்கு ஒரு பொல்லாத காலமும் வந்துபோனது. கேஸ் இல்லாமல் சனம் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற வருடம். இவர் மட்டக்களப்பு டவுனுக்குப் போய், கரண்டில் வேலை செய்கிற ஒரு இன்டக்சன் அடுப்பை வாங்கிக்கொண்டு, வெற்றி வீரன் மாதிரி வந்து இறங்கினார். வைத்தால் அடுப்பு 'கீங் கீங்' என்று அழுகிறது, சூடாகவில்லை. காந்தம் பிடிக்கிற சட்டியில்தான் அது வேலை செய்யுமாம்.

அதுக்குப் பிறகு மனுசன் பிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு குசினி முழுக்க ஒரு சுற்று வந்தார். அலுமினியத்தில் பிள்ளையார் விழுந்தார். சில்வரில் வழுக்கினார். கடைசியில் ஒரே ஒரு பாத்திரத்தில் 'டக்' என்று ஒட்டினார். தாச்சி. அதற்கு அடி உருண்டை, அந்தத் தட்டை அடுப்பில் நிற்காது. நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் அதுவும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போனது.

நாங்கள் விறகுக்குத் திரும்பினோம். தாச்சி இன்னும் கறுத்தது. இன்டக்சன் அடுப்பையும் மகளுக்கே பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன்.

ஐந்துக்கு ஐந்து

இனிப் பாத்திரக் கடைக்குத் திரும்புவோம். தம்பி ஏணியிலிருந்து இறங்கிவந்து என் முன்னால் கடையைப் பரப்பியிருந்தார்.

சோற்றுக்கு ஒரு சின்னப் பானை. கறிக்கு இரண்டு சட்டி. பால் காய்ச்ச ஒன்று. புட்டுப்பானை சிறியது. எல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இதுக்குள்ள என்ன வேகும்?" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்குக் காணும் டீச்சர்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னார். அந்தச் சொல்லை இவ்வளவு தடவை கேட்கவேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன். மகள் நூறு அடி தள்ளித்தான் இருக்கிறாள். இருந்தாலும் அந்தச் சின்னப் பானையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கடைசியாக அவர் நொன்ஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்தார். கறுப்புப் பளபளப்பு, முகம் பார்க்கலாம்.

"இதுல எண்ணெயே தேவல்ல டீச்சர்."

"எண்ணெய் இல்லாம பொரிச்சா அது மீன் பொரியல் இல்ல தம்பி. காச்சல்காரனுக்குக் குடுக்கிற சாப்பாடு."

"அப்ப எங்கட உம்மா பாவிக்கிற சாமான் காட்டுறன்" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனார். கொண்டுவந்தது ஒரு இரும்புத் தாச்சி.

விரலால் தட்டினேன். கணீரென்றது. அடி நல்ல தடிப்பு. காது இரண்டும் உறுதி. கழுவ லேசு. கேஸ், விறகு இரண்டுக்கும் ஏற்றது. அளவு இரண்டு பேருக்குச் சரி. ஐந்துக்கு ஐந்து புள்ளி. நான் படிப்பித்த பாடத்தை நானே எழுதிச் சித்தியடைந்த நிம்மதியோடு அதை வாங்கினேன்.

ஒரு வருடம் ஒரு பிள்ளை பரீட்சையில் ஐந்தையும் எழுதிவிட்டு ஆறாவதாக 'அம்மாவின் கைக்குப் பழகியதாக இருத்தல்' என்று எழுதியிருந்தாள். கேட்காததை எழுதினாய் என்று சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. கண்டால் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பஸ்ஸில் மடியில் பானையும் காலடியில் தாச்சியும் வைத்துக்கொண்டு வந்தோம். ஆரையம்பதி தாண்டும்போது கொண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், சாப்பாட்டுக்கடை போடப் போறீங்களா?" என்று கேட்டார். இவர் இருமினார்.

ஓரா மீன் மணம்

முதல் நாள் புதுப் பானையில் சோறு பொங்கி வழிந்தது. பானையில் பிழையில்லை. என் கைக்கு இரண்டு பேருக்கு அரிசி போடத் தெரியவில்லை. அதைக்கூட ஒரு கிழமைக்குள் பழகிவிட்டேன்.

பழகாதது புதுத் தாச்சி. மீனைப் போட்டால் அது அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. புரட்டினால் தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். தேங்காய் எண்ணெய் பூசிக் காய்ச்சினேன். வெங்காயத்தை வெட்டித் தேய்த்தேன். பழப்புளி போட்டுக் கழுவினேன். இரும்பு பழகப் பல மாதம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சாப்பிடுகிற ஆள் அந்த வகுப்பில் இருக்கவில்லை.

"இதென்ன, மீன் சுண்டலா?" என்று இவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அவர் பேசியதே அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமை அவர் பொழுதுபடும் நேரத்தில் பெரிய வீட்டுக்குச் செய்தி பார்க்கப் போகத் தொடங்கினார். எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி எங்களோடுதான் வந்திருந்தது, அதிலும் செய்தி போகும். ஆனாலும் அங்கே போனார். திரும்பிவந்து, "பசியில்ல" என்பார்.

நாலாம் நாள் நான் அவர் வலது கையைப் பிடித்து மணந்து பார்த்தேன். ஓரா மீன். நல்ல மொறுமொறுப்பாகப் பொரித்த ஓரா மீன்.

"மருமகன் சாப்பிடச் சொன்னார். மாட்டன் எண்டு சொல்லுறது மரியாதையில்லதானே?"

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகள் என் தாச்சியில் பொரிக்கிறாள், என் புருசன் அங்கே போய்த் தின்னுகிறார். இது இப்படியே போனால் இரண்டு மாதத்தில் நானும் ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நிற்பேன். பின்வளவுக் குசினி விறகு அடுக்குகிற இடமாகிவிடும். பிள்ளையின் கையில் சாப்பிடுவதில் வெட்கமில்லை, அதற்கு ஒரு வயது வரும். ஆனால் எனக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. என் அடுப்பு எனக்கு வேண்டும்.

கேட்டால் மகள் அந்த நிமிடமே தூக்கித் தந்துவிடுவாள். அதுதான் தொல்லை. எட்டுப் பத்துப் பெண்களுக்கு முன்னால் சொன்ன வாய் கேட்க விடவில்லை.

திருவலை போன கதை

நான் ஏன் இவ்வளவு வீம்பு பிடித்தவள் என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றும். அதற்கு என் அம்மாவைச் சொல்லவேண்டும்.

என் கலியாணத்துக்குப் பிறகு அம்மா பெரிய வீட்டை என்னிடம் தந்துவிட்டுப் பின்வளவுக்குப் போனபோது, அவரும் ஒரு கரண்டியும் எடுக்கவில்லை. அதை ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அந்த வசனத்தை அவரிடமிருந்துதான் எடுத்திருக்கவேண்டும். போன கையோடு சந்தைக்குப் போய்த் தனக்கென்று மண்சட்டி நாலு வாங்கினார்.

அந்தக் கிழமையே எங்கள் வீட்டில் ஒரு களவு போனது. தேங்காய் துருவுகிற திருவலை. பலாப்பலகை, உட்கார்ந்தால் ஆடாது, பல்லுத் தேயாதது. காலையில் பார்த்தால் இல்லை. நான் அழுதேவிட்டேன். என்னைவிட அம்மாதான் துடித்தார். அரிசிப் பெட்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார், பரணில் ஏறினார், கிணற்றடிவரை போய்த் தேடினார்.

"கலியாணத்துக்கு வந்த ஆக்கள்ல ஆரும் எடுத்திருப்பாங்க, புள்ள" என்றார். "நம்பி ஆரையும் குசினிக்குள்ள விடுறயா?"

அதோடு விட்டாரா? இல்லை. நான் புதுத் திருவலை ஒன்று வாங்கப் போனபோது, "என்னத்துக்கு வீண் வேல? நான் துருவித் தாறன்" என்று தடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒரு கோப்பை தேங்காய்ப்பூ பின்வாசலுக்கு வந்தது. மழையோ வெள்ளமோ, நான் பள்ளிக்கூடம் போக முன்னம் வந்துவிடும். மெல்லிசாக, வெள்ளையாக, சிரட்டைத் துருவல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். அம்மா கண்மூடும்வரை, பதினொரு வருடம், எங்கள் வீட்டில் ஒரு தேங்காய் துருவியதில்லை.

அவருடைய அந்தச் சின்னக் குசினிக்குள் நான் போனது குறைவு. கிட்டப் போனாலே, "உள்ளுக்கு வராத, தலை இடிக்கும்" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். பிறகு ஒரு வெள்ளத்தில் அந்தக் குசினியும் சாமானோடு போய்விட்டது.

அப்படிப்பட்ட தாய் வயிற்றில் பிறந்தவள் போய்த் தாச்சியைத் திருப்பிக் கேட்பாளா? கேட்கமாட்டேன் என்று முடிவெடுத்தேன். அதனால் களவெடுப்பது என்று முடிவெடுத்தேன்.

காலை பத்து மணி

மகளும் மருமகனும் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பின்கதவுச் சாவி குரோட்டன் சாடிக்குக் கீழே இருக்கும். அந்தச் சாடியை அங்கே வைத்தவளே நான்.

துவைத்த துணி போட்ட பெரிய பேசினோடு போனேன். ஆர் பார்த்தாலும், மகளின் கொடியில் துணி காயப்போட வந்ததாக இருக்கட்டும். முப்பது வருடம் நான் நின்ற குசினி. கால் தானாகப் போனது. ஆனால் எல்லாம் இடம் மாறியிருந்தன. தூள் போத்தல்கள் உயரத்தின்படி வரிசையாக நின்றன. மருமகன் கணிதம் படிப்பிக்கிறவர், அவருடைய வேலையாகத்தான் இருக்கவேண்டும்.

தாச்சி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேலே ஆணியில் அதனுடைய தட்டைக் கரண்டி தொங்கியது. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பவை. அந்தக் கரண்டியின் முனை தாச்சியின் வளைவுக்கு ஏற்றபடி ஒருபக்கம் தேய்ந்திருக்கும். வேறு கரண்டியால் அதில் மீன் புரட்டுவது கஷ்டம்.

கையை நீட்டிவிட்டு நிறுத்தினேன். ஒரு கரண்டியும் எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் சொல்தான். கரண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தாச்சியை மட்டும் எடுத்தேன்.

பேசினுக்குள் வைத்து ஈரப் படுக்கைவிரிப்பால் மூடிக்கொண்டு வெளியே வந்தால், வாசல் படலையில் மீன்காரத் தம்பியின் மோட்டார் சைக்கிள். எத்தனை நாள் பத்தரைக்கு வந்தவன், அன்றைக்குப் பார்த்துப் பத்து மணிக்கு வந்து ஹோர்ன் அடித்தான்.

"டீச்சர், மணலை இரிக்கு. வாவி மணலை, இப்ப பிடிச்ச."

"ஒரு கிலோ போடு" என்றேன் அவசரமாக. ஆளை அனுப்பிவிட அதுதான் வழி.

மீனை நிறுத்துக்கொண்டே பேசினைப் பார்த்தான். விரிப்புக்கு வெளியே போல்ட் தெரிந்தது.

"பொரிக்கத்தான் போல" என்றான்.

அன்று பகல் பின்வளவுக் குசினியில் மணலை பொரிந்தது. புதுக் கரண்டியோடு கொஞ்சம் மல்லுக்கட்டினேன். இருந்தாலும் மீன் முழுசாக வந்தது, பொன்னிறம், ஒரு துண்டும் உடையவில்லை. இவர் கோப்பையைப் பார்த்தார். சாப்பிட்டார். முள்ளை ஓரமாக அடுக்கினார்.

"வந்திட்டுதா?" என்றார்.

"என்ன வந்த?"

"ஒண்டுமில்ல. இன்னொரு துண்டு போடு."

தேடல்

வேலையால் வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, மகள் கிணற்றடியில் நின்று கூப்பிட்டாள்.

"அம்மா, தாச்சியக் காணல்ல."

"ஐயோ. இஞ்சதானே கிடந்த?" என்றேன். நடிப்பில் எனக்கு நம்பிக்கை இருந்தது. பள்ளிக்கூட நாடகங்களுக்கு ஒப்பனை போட்டவள்.

போனேன், தேடினேன். நல்லாகத் தேடினேன். பரண், அரிசி வாளி, பிரிட்ஜுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். மகள் கைகட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் கழுவுகிற தொட்டிக்குக் கீழிருக்கும் அலுமாரியைத் திறந்து, முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டேன். அந்த இருட்டுக்குள் இருந்தபடி சொன்னேன்:

"கலியாணத்துக்கு வந்த ஆக்கள்ல ஆரும் எடுத்திருப்பாங்க, புள்ள. நம்பி ஆரையும் குசினிக்குள்ள விடுறயா?"

"கலியாணம் முடிஞ்சு ஒண்டரை மாசம் அம்மா" என்றாள் மகள். "நேத்தும் அதுலதானே ஓரா பொரிச்ச."

நியாயமான பேச்சு. ஏன் அப்படி ஒரு அறிவில்லாத வசனத்தைச் சொன்னேன்? நான் யோசித்துச் சொல்லவில்லை. அது வாயில் தயாராக இருந்தது. சொல்லுக்குச் சொல் அப்படியே வந்தது. அதே குரலில்கூட.

நான் அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டேன்.

அரிசிப் பெட்டிக்குக் கீழே படுத்திருந்த அம்மாவின் முதுகு கண்ணில் வந்தது. அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தலை முழுக்கப் பெட்டிக்குக் கீழே இருந்தது. பிறகு அந்தக் கோப்பை வந்தது. ஒவ்வொரு காலையும், மெல்லிசாக, வெள்ளையாக. 'உள்ளுக்கு வராத, தலை இடிக்கும்.'

நாலு மண்சட்டி மட்டும் வாங்கிக்கொண்டு போன மனுசி. பதினொரு வருடமாக அந்தத் தேங்காயை எதில் துருவினார் என்று எனக்கு ஒருநாள் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பில் ஆயிரம் கேள்வி கேட்டவள்.

சிரிப்பு வந்தது. அடக்கினேன், அடங்கவில்லை. தொட்டிக் குழாயில் மண்டை இடித்தது. வெளியே வந்தபோது என் கண்ணால் தண்ணீர் ஓடியது. அது எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அம்மா என்று எனக்கே தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "கள்ளி" என்று சொல்லியிருப்பேன்.

"என்னம்மா? என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல மகள். தலை இடிச்சுப் போட்டுது."

மகள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். என் தலையைத் தடவிப் பார்த்தாள். அப்போது பின் யன்னலால் வாவிக் காற்று வந்தது. எங்கள் குசினியைத் தாண்டி வருகிற காற்று. பகல் பொரித்த மணலை இன்னும் அதில் இருந்தது. அவள் மூக்கு அசைந்ததைக் கண்டேன்.

"சரி, விடுங்கம்மா" என்றாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "எடுத்த ஆள் நல்லா இரிக்கட்டும். ஆனா அந்த ஆள் இனி மீன் பொரிச்சா எங்களுக்கும் ரெண்டு துண்டு வைக்கச் சொல்லுங்க. எனக்கும் அது இடப்பக்கம் சரிஞ்சு சரிஞ்சு கை சுட்டுப் போச்சு."

அடுத்த நாள் காலையிலேயே பொரித்துவிட்டேன். அவள் வேலைக்குப் போக முன்னம் ஒரு கோப்பையில் நாலு துண்டு வைத்து, பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதில் பொரித்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் ஒருகாலத்தில் கேட்காமல்தான் இருந்தேன். ஆனால் நான் தெரியாமல் கேட்காதவள். இவள் தெரிந்துகொண்டு கேட்காதவள்.

பின்னேரம் கோப்பை திரும்பி வந்தது. மருமகன்தான் கொண்டுவந்தார். என் கண்ணைப் பார்க்காமல், "மாமி, உங்கட மகள் தரச் சொன்னா" என்று நீட்டிவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

கழுவித் துடைத்த கோப்பை. அதற்குள் கடதாசியில் சுற்றி, முனை ஒருபக்கம் தேய்ந்த அந்தத் தட்டைக் கரண்டி இருந்தது.

நான் எடுக்கவில்லை. அவள் தந்தாள்.